பழைய சங்கிலி ரம்பம்: பணம் கொடுக்குமுன் கயிற்றை இழுத்துப் பாருங்கள்

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் வானம் கறுத்து ஒரு காற்று அடித்தால் போதும், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கிழட்டு ரப்பர் மரமோ டுரியான் கிளையோ கூரைமேல் வந்து விழுமோ என்ற கவலைதான் அது. ஆள் வைத்து வெட்டினால் ஒரு மரத்துக்கே பல நூறு வெள்ளி கேட்கிறார்கள். 'அந்தப் பணத்துக்கு ஒரு பழைய மெஷினையே வாங்கிவிடலாமே, பிறகு வேண்டும்போது நாமே வெட்டிக்கொள்ளலாமே' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

யோசனை தவறானதல்ல. ஆனால் அந்தப் பழைய மெஷின் எப்படிப்பட்டது, அதைக் கொண்டு எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், சில வேளைகளில் காலும் போகும்.

பேராக்கில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒரு பங்கு கோலகங்சாருக்கு வந்தது. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை அங்கே நட்டார். அதன் பின் சுங்கை சிப்புட், சிம்மோர், தாப்பா, பீடோர் என்று மாநிலம் முழுவதும் ரப்பர் பரவிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் வரைதான் இலாபத்துக்குப் பால் தரும். அதற்குப் பிறகு அதை அழித்து மறுநடவு செய்ய வேண்டும். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், பெரிய நிலத்தில் இருந்த மரங்கள் எல்லாம் ஒழுங்காக வெட்டப்பட்டன. லயத்து ஓரத்திலும் கோயில் பக்கத்திலும் வீட்டு எல்லையிலும் நின்றவற்றைத்தான் யாரும் கவனிக்கவில்லை. இன்று நம்மவர்களின் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்பவை பெரும்பாலும் அந்த மிச்சம்தான். பால் வெட்டிய காயங்களில் உளுத்து, உச்சி மட்டும் கனத்துப்போன ரப்பர் மரம் காற்றில் சுலபமாக முறியும்.

பெரியதை விட்டுவிடுங்கள்

பழைய சாமான் விற்கும் இடத்துக்குப் போனவுடன் கண் பெரிய மெஷின் மீதுதான் விழும். குறிப்பாக ஸ்டில் 070. நூறு சிசிக்கு மேற்பட்ட எஞ்சின். பாரும் செயினும் மாட்டினால் பத்து கிலோவைத் தாண்டும். தென்கிழக்காசியக் காடுகளில் மரம் சாய்த்தவர்களும் பலகை அறுத்தவர்களும் பல்லாண்டுக் காலம் நம்பிய மெஷின் அது. அப்பாவோ மாமாவோ காட்டு வேலைக்குப் போன குடும்பங்களில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதையே உண்டு. மரியாதை இருக்கட்டும், வீட்டுக்கு அது வேண்டாம். எடை ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், செயினைச் சட்டென்று நிறுத்தும் பிரேக் அதில் கிடையாது. செயின் பிரேக் என்பது 1970களின் முற்பகுதியில்தான் மெஷின்களில் வரத் தொடங்கியது. 070இன் வடிவமைப்பு அதற்கு முந்தியது. போதாக்குறைக்கு அந்த மாடலைப் போலவே செய்த போலிகளும் சந்தையில் ஏராளம்.

வீட்டுத் தேவைக்கு 30 முதல் 40 சிசி வரை போதும். உதாரணத்துக்கு, ஸ்டில் எம்எஸ் 170 மாடலின் எஞ்சின் 30.1 சிசி, எம்எஸ் 180 மாடல் 31.8 சிசி. இவற்றுக்கு 14 அல்லது 16 அங்குல பார் பொருந்தும். விழுந்த கிளை, ஓரடி விட்டமுள்ள தண்டு, விறகு ஆகியவற்றுக்கு இது தாராளம். டுரியான் போன்ற பருத்த அடிமரம் இருந்தால் 50 சிசி வரை போகலாம். அதற்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால், அந்த வேலை வீட்டுக்காரர் செய்யும் வேலை அல்ல என்று பொருள். மலிவான சீன மெஷின்களின் மேல் 5200, 5800 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண் எப்போதும் உண்மையான அளவைச் சொல்வதில்லை. அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மின்சாரத்தில் ஓடும் ரம்பம் ஆகாதா என்றும் சிலர் கேட்பார்கள். ஆகும். வீட்டைச் சுற்றி 20, 30 மீட்டருக்குள் கிளை வெட்டுவதுதான் வேலை என்றால், வயர் மாட்டி ஓடும் ரம்பமே குறைந்த செலவு. கார்புரேட்டர் இல்லை, பெட்ரோல் கெட்டுப்போகும் தொல்லையும் இல்லை. ஆனால் மழை ஈரத்தில் வயரோடு நிற்கக் கூடாது. புயலில் மரம் விழும் நாளில்தான் மின்சாரமும் போகும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்

மெஷினைப் பார்க்கப் போகும்போது விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. தேய்ந்த எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எளிதில் ஓடாது, ஒருமுறை சூடாகிவிட்டால் நல்ல பிள்ளை போல் ஓடும். சிலவற்றில் இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. குளிர்ச்சியில் ஓடி, சூடேறியதும் நின்றுவிடும். ஆகவே குளிரில் ஒருமுறை, பத்து நிமிடம் ஓட்டிய பிறகு ஒருமுறை என்று இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும். எஞ்சினை நிறுத்திய நிலையில், ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தரையிலிருந்து தூக்குங்கள். நல்ல எஞ்சின் என்றால் மெஷின் கயிற்றில் தொங்கும். இறங்கினாலும் தத்தித் தத்தி இறங்கும். தடையே இல்லாமல் சரசரவென்று தரைக்கு வந்தால் உள்ளே அழுத்தம் இல்லை. அழுத்தமானி வைத்திருக்கும் பட்டறைக்காரர் துணைக்கு வந்தால் இன்னும் நல்லது. சிறிய மெஷினில் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் நலம், 90க்குக் கீழே போனால் தொட வேண்டாம் என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதிலும் ஒரு தந்திரம் உண்டு. பிளக் துவாரம் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டால் தேய்ந்த எஞ்சினும் சிறிது நேரத்துக்கு நல்ல அழுத்தம் காட்டும். பிளக்கைக் கழற்றும்போது எண்ணெய் சொட்டினால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது சைலன்சர். இரண்டு மூன்று திருகுகள்தான். அதைக் கழற்றி, டார்ச் லைட் அடித்து உள்ளே பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். வழவழப்பாக, லேசான பழுப்புப் படிவுடன் இருந்தால் சரி. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அப்படித்தான்.

அந்தக் கீறல் ஏன் வருகிறது? இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் காரில் இருப்பது போல் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலக்கும் டூ-டி எண்ணெய்தான் பிஸ்டனுக்கு ஒரே வழவழப்பு. 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி; 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பது அந்தந்த மெஷினின் கையேட்டில் இருக்கும். இதை அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றுபவர்கள் உண்டு. அவசரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிவைத்த வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியவர்களும் உண்டு. ஒரு தொட்டி வெறும் பெட்ரோல் போதும், எஞ்சினின் கதை முடிந்துவிடும். பழைய சந்தைக்கு வரும் மெஷின்களில் பல இப்படி உயிரைவிட்டு, மேலே துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டவைதான்.

காதால் பார்க்க வேண்டியவை

ஓடும்போது கவனிக்க வேண்டியது ஓசை. முதலில் மெதுவாக ஓடவிட்டு, செயின் நிற்கிறதா என்று பாருங்கள். திராட்டலை அழுத்தாதபோதும் செயின் சுற்றினால், வேகத்தைக் குறைக்கும் திருகைச் சரிசெய்ய வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு மெஷினை இடம், வலம், மூக்கு மேலே, மூக்கு கீழே என்று மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது வேகம் தானாக ஏறினால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. கிராங்க் சீல் போயிருக்கலாம், ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். காற்று அதிகமானால் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. பிஸ்டன் எரிய வழி அதுதான்.

முழு வேகத்தில் ஓசை இன்னும் முக்கியம். சரியாகத் திருகி வைத்த எஞ்சின், மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் ஓடும்போது கொஞ்சம் கரகரப்பாக, தொண்டை கட்டியது போல் ஒலிக்கும். மரத்தில் வைத்ததும் ஓசை தெளியும். வெறுமனே ஓடும்போதே கிரீச்சென்று அலறும் மெஷினைக் கேட்டு, 'ஆகா, என்ன சக்தி!' என்று மகிழ்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கார்புரேட்டரில் 'எச்' என்று குறித்த திருகை வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறைந்து அலறல் கூடும். விற்பதற்கு முன் ஒரு கால் சுற்று திருகுவதற்கு ஐந்து நொடிகூட ஆகாது.

செயின் பிரேக்கைச் சோதிக்காமல் எந்த மெஷினையும் வாங்கக் கூடாது. செயின் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்கைக் காப்பை இடது மணிக்கட்டால் முன்னே தள்ளுங்கள். செயின் அக்கணமே நிற்க வேண்டும். பார் நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அது நடப்பதற்கு ஒரு நொடிகூட எடுக்காது. கை வலிமையால் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் காப்பாற்றுவது இந்தப் பிரேக் ஒன்றுதான். காப்பு உடைந்து, கம்பி சுற்றிக் கட்டிய மெஷின்கள் விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றை விலை கேட்கவும் வேண்டாம்.

எண்ணெய் பம்ப்புக்கு எளிய சோதனை இருக்கிறது. வெள்ளை அட்டை ஒன்றுக்கு மேலே, படாமல், பார் நுனியைப் பிடித்து வேகமாக ஓடவிடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் துவாரம் அடைத்திருக்கலாம், அது சுலபம். பம்ப்பே போயிருந்தால் செலவு.

போலியும் திருட்டும்

"ஜெர்மனியில் செய்தது என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஸ்டில் நிறுவனமே அமெரிக்காவிலும் பிரேசிலிலும் சீனாவிலும் ஆலை வைத்திருக்கிறது. ஆகவே சீனா என்று போட்டிருப்பதால் அது போலியும் அல்ல, ஜெர்மனி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் அசலும் அல்ல. மெஷின் உடலில் பதித்த வரிசை எண்ணைப் பாருங்கள். ஸ்டிக்கரில் மட்டும் எண் இருந்தாலோ, எண் சுரண்டப்பட்டிருந்தாலோ விலகிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.

எண் இன்னொன்றுக்கும் வேண்டும். தோட்டங்களிலும் குத்தகையாளர்களிடமும் காணாமல் போகும் பொருள்களில் சங்கிலி ரம்பமும் ஒன்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவின்படி குற்றம். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் வாங்கினாலும், கைப்பேசியில் விளம்பரம் பார்த்து வாங்கினாலும், வரிசை எண், விலை, தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டில் விற்பவரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பம் போடத் தயங்குபவரிடம் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

விலை பேசுவதற்கு முன் உதிரிப்பாகக் கடைக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. புதிய பார், செயின், கார்புரேட்டர் ரப்பர் செட், பெட்ரோல் குழாய், வடிகட்டி, பிளக் ஆகியவற்றின் விலையை எழுதிவாருங்கள். பழைய மெஷினில் இவற்றில் பாதியையாவது மாற்ற வேண்டிவரும். கேட்கும் விலையோடு அவற்றைக் கூட்டினால் புதிய சிறிய மெஷின் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொஞ்சம் பொறுத்திருந்து, உத்தரவாதத்துடன் புதியதையே வாங்கலாம். எந்த மாடலுக்கு ஈப்போவில் உதிரிப்பாகம் தேடாமல் கிடைக்கிறதோ அந்த மாடல்தான் மலிவான மாடல். பெயர் தெரியாத ஒன்றை ஐம்பது வெள்ளிக்கு வாங்கி, ஒரு சின்ன ரப்பர் துண்டுக்காக மூன்று மாதம் அலைவது மலிவு ஆகாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பழைய மெஷின் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் பெட்ரோல்தான். பல மாதம் தொட்டியில் நின்ற பெட்ரோல் கெட்டுப் பிசின் போலாகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வை விறைக்கச் செய்துவிடும். அந்தச் சவ்வையும் பெட்ரோல் வடிகட்டியையும் குழாயையும் மாற்றுவது கை பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை. கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது திண்டாட வேண்டாம். பிளக் இடைவெளி சிறிய மெஷின்கள் பலவற்றில் 0.5 மில்லிமீட்டர். காற்று வடிகட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டலாம். பிஸ்டன், கிராங்க் சீல் ஆகியவற்றை மட்டும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கற்க வேண்டியது செயின் தீட்டுவது. இன்றைய செயினின் பல் அமைப்பை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி. 1946இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு முன்னேறுவதைப் பார்த்து, அதே போல் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வைத்தார். அந்தப் பற்களைத் தீட்ட வட்ட அரம் வேண்டும். சிறிய மெஷின்களின் தாழ்ந்த வகை 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம். சாய்வு 30 பாகை. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கை. இடப்பல் குட்டையாகவும் வலப்பல் நீளமாகவும் இருந்தால் ரம்பம் வளைந்து வெட்டும். தூளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். செதிலாக வந்தால் கூர்மை இருக்கிறது, மாவாக வந்தால் தீட்ட வேண்டும். தென்னை, செம்பனைத் தண்டுகள் நாரும் மண்ணுமாகச் செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

வெட்டுவதற்கு முன்

சொந்த நிலத்தில் நிற்கும் மரம்தானே என்று நினைத்துவிட முடியாது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 35எச் பிரிவின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சாய்க்க உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஈப்போவில் அது மாநகர் மன்றம். 0.8 மீட்டர் சுற்றளவு என்பது விட்டத்தில் ஒரு சாண் நீளத்தைச் சற்றே தாண்டும்; அவ்வளவுதான். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்துள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு என்றாலும், முதலில் படம் எடுத்துக்கொண்டு கேட்டுவிடுவது உத்தமம். மின்கம்பியைத் தொடும் கிளையை யாரும் தொட வேண்டாம். தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். சாலையிலோ கூரையிலோ மரம் விழுந்துவிட்டால் பொதுத் தற்காப்புப் படையினர் வருவார்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தச் சாய்ந்த மரம். வாங்கிய ரம்பத்தைக் கொண்டு அதைச் சாய்க்கப் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. சாய்ந்த மரத்தின் தண்டு வில் போல் இழுவிசையில் நிற்கிறது. பின்பக்கம் பாதி வெட்டியவுடன் அது நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாகம் வெட்டுபவரின் மார்புக்கோ முகத்துக்கோ எழும்பி வரும். ஓடக்கூட நேரமிருக்காது. அந்த ஒரு மரத்துக்குத் தொழில் தெரிந்த ஆளுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். தரையில் கிடத்தி வைத்துவிட்டுப் போகச் சொன்னால் கூலியும் குறையும். கிளை கழிப்பதும் துண்டு போடுவதும் சொந்த மெஷினின் வேலை. ஏணியில் ஏறி நின்றோ தோளுக்கு மேல் தூக்கியோ வெட்டக் கூடாது. சிலிப்பர் போட்டுக்கொண்டும் கூடாது; கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு எல்லாம் வேண்டும்.

ரப்பர் மரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. பால் வெட்டிய காலத்தில் மங்கு மாட்டிய கம்பியும் பால் வடிய அடித்த தகரமும் பட்டைக்குள் புதைந்து, மேலே மரம் மூடி வளர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும் செயின் அதில் பட்டால் பல் பறக்கும், சில வேளை செயினே அறுந்து வரும். எனவே பால் வெட்டிய தழும்பு இருக்கும் பகுதியைத் தவிர்த்து, அதற்கு மேலோ கீழோ வெட்டுங்கள். பச்சை மரமானால் பால் கசிந்து தூளோடு சேர்ந்து பாரின் பள்ளத்தில் பசையாக இறுகும். அன்றைக்கே பாரைக் கழற்றி, மெல்லிய கம்பியால் பள்ளத்தைச் சுரண்டி, எண்ணெய்த் துவாரத்தையும் குத்திவிட்டு, மீந்த பெட்ரோலை ஊற்றி எடுத்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.